புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?



இந்த மாதப் பாடம் அலங்கார மீன் பற்றியது. மீன் வளர்க்காதவர்களும் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.

திருச்சுழி பக்கத்து ஊர் ஒன்றில் நம் குழு உறுப்பினர் ஒருவர் உள்கடன் வாங்கிக் கண்ணாடித் தொட்டி வைத்தார். பேரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். தொட்டி இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மதுரைக்குப் போய் முப்பது மீன் வாங்கி வந்தார். கப்பி, மோலி, நாலு தங்கமீன். தொட்டியைக் கழுவி, தண்ணி ஊற்றி, அன்றைக்கே மீனையும் விட்டாச்சு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில்தான் நின்றார்கள்.

மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் இரண்டு செத்தது. அக்கா எனக்குப் போன் பண்ணினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி கெட்டுப் போச்சு போலக்கா, எல்லாத்தையும் கொட்டிட்டு நல்லாத் தேச்சுக் கழுவிப் புதுத் தண்ணி ஊத்துங்க" என்றேன். அவரும் சொன்னபடியே செய்தார். கல்லையும் ஸ்பாஞ்சையும் பாத்திரம் துலக்குகிற பவுடர் போட்டு அலசி வெயிலில் காய வைத்தார். அன்று காலையில் வந்த குழாய்த் தண்ணியைப் பிடித்து ஊற்றினார். சாயங்காலத்துக்குள் ஒன்பது மீன் மிதந்தது. இரண்டு வாரம் முடிகிறபோது மூன்று மீன்தான் மிச்சம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர், "மதினிக்கு மீன் கைராசி இல்ல" என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் தீர்மான நோட்டில் 'உறுப்பினரின் கவனக்குறைவால் மீன்கள் இறந்தன, அடுத்த கடன் ஆறு மாதம் கழித்து' என்று எழுதப்பட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை, கையெழுத்துப் போட்டார். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கழுவச் சொன்னது நான்தான் என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் படித்த சமூகப்பணிப் படிப்பில் மீனுக்குப் பாடம் கிடையாது, அதனால் மீன் ஏன் செத்தது என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது. பிறகு கேட்டும் படித்தும், அக்காவோடு சேர்ந்து மறுபடி வளர்த்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மாட்டுக் கொட்டகையை ராத்திரி பூரா மூடி வைத்துக் காலையில் திறந்தால் கண்ணை எரிக்கிற ஒரு வாடை வரும் அல்லவா? அது அம்மோனியா. மாட்டு மூத்திரத்திலிருந்து வருவது. மீனும் இதே அம்மோனியாவைத்தான் கழிவாக வெளியே விடுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே போகிறது. மூச்சு விடுகிற இடமும் கழிவு போகிற இடமும் மீனுக்கு ஒன்றுதான். போட்ட தீனியில் தின்னாமல் கிடப்பது அழுகினாலும் அதே அம்மோனியா வரும். ஒரு மீன் செத்து அடியில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

மாட்டுக்குக் கொட்டகையை விட்டு வெளியே போக வழி உண்டு. மீன் தன் கழிவுக்குள்ளேயே மூச்சு விட வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்ந்தாலே ஆபத்து. அந்த அளவில் வாடையும் வராது, நிறமும் மாறாது. தண்ணி கண்ணாடி மாதிரி பளபளவென்றுதான் இருக்கும். நாம் ஏமாந்தது இதில்தான். கலங்கின தண்ணி கெட்டது, தெளிந்த தண்ணி நல்லது என்பது நம் பழக்கம். புதுத் தொட்டியில் அது செல்லாது.

அப்படியென்றால் கம்மாயில் கெண்டையும் குரவையும் எப்படிப் பிழைக்கிறது? அங்கே யார் தண்ணி மாற்றுகிறார்கள்? இதைக் கேட்டது ஒரு வயதான அம்மா. நல்ல கேள்வி. கம்மாயில் தண்ணி அதிகம், மீன் குறைவு. பாசியும் செடியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அடியில் சேறு இருக்கிறது. அந்தச் சேற்றிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அம்மோனியாவையே சாப்பாடாக எடுத்து வாழ்கின்றன. புதுக் கண்ணாடித் தொட்டியில் அவை கிடையாது.

இந்த நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை எடுத்து நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரம். மிளகாய்க்கும் மல்லிகைக்கும் யூரியா போடுகிறோமே, அதுவும் மண்ணுக்குள் இதே வழியாகத்தான் போகிறது. முதலில் அம்மோனியா, பிறகு நைட்ரைட், பிறகு நைட்ரேட். அதைத்தான் வேர் அதிகமாக உறிஞ்சுகிறது. நம் கரிசல் காட்டில் தினமும் நடக்கிற வேலையைத் தொட்டிக்குள் நடக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அதே அம்மா, "உறை ஊத்தாத பாலுன்னு சொல்லு தாயி, புரிஞ்சுக்கிடுவாக" என்றார். நான் அரை மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உறை ஊற்றிய பால் ஒரே ராத்திரியில் தயிராகிவிடும், இது ஆகாது என்பது மட்டும்தான் வித்தியாசம். தயிர்க் கிருமி மளமளவென்று பெருகும். தொட்டிக் கிருமி ஒன்று இரண்டாவதற்கே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட எடுக்கும். அதனால் புதுத் தொட்டி பக்குவமாக நாலு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகிறது.

இதை முதலில் கண்டுபிடித்த கதையும் சுவையானது. பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்று இரண்டு பேர் சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் செய்வது பற்றி ஆராய்ந்தார்கள். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலே சாக்கடைத் தண்ணியை மெதுவாக விட்டு, கீழே வருவதைச் சோதித்தார்கள். இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. போன அம்மோனியா அப்படியே வந்தது. அதற்குப் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. மயக்க மருந்தான குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டதும் வேலை நின்றுபோனது. வெறும் மணல் மயங்குமா? உள்ளே உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் நிரூபணம் ஆனது. இது 1877ஆம் ஆண்டு. அந்தக் கிருமிகளைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி, 1890 வாக்கில்.

இந்தக் கிருமிகள் தண்ணிக்குள் அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கையை வைத்தால் வழவழவென்று இருக்குமே, நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்போமே, அதில்தான் குடியிருக்கின்றன. அக்காவின் ஸ்பாஞ்சில் ஐந்து நாளில் கொஞ்சமாவது வந்து ஒட்டியிருக்கும். நான் சொல்லி, அவர் பவுடர் போட்டு, அதையும் கொன்றோம். குழாய்த் தண்ணியில் இருந்த குளோரின் மீனின் செவுளையும் சேர்த்து அரித்தது. ஐம்பது லிட்டர் தண்ணியில் முப்பது மீன் என்பதே முதலில் தப்பு. ஆக கைராசி எங்கே வந்தது?

நம்ம ஊர்த் தண்ணி

புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம் ஊரில் செய்ய முடியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் போர் தண்ணி பல ஊரில் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. பானையின் அடியில் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணியில் பி.எச். என்கிற காரத்தன்மை அளவு எட்டு, சில இடத்தில் அதற்கும் மேல் காட்டுகிறது. நடுநிலைத் தண்ணி என்றால் ஏழு.

இது ஏன் முக்கியம்? தண்ணியில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று பெரிய கெடுதல் செய்யாது. இன்னொன்று செவுள் வழியே உள்ளே போய் மீனைக் கொல்லும். தண்ணி 30 டிகிரி சூட்டில், பி.எச். ஏழாக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூடக் கொல்லும் வடிவத்தில் இருக்காது. எட்டாக இருந்தால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். எட்டரை என்றால் ஏறக்குறைய இருபது பங்கு. ஒரே அளவு அம்மோனியா வேறு ஊரில் மீனைச் சோர்வாக்கும், நம் ஊரில் சாகடிக்கும். வெயிலும் கூடச் சேர்ந்துகொள்கிறது. தண்ணி சூடாக ஆக விஷமும் கூடும், காற்றும் கரையாது.

ஆனால் நம் தண்ணியை ஒரேயடியாகத் திட்டவும் வேண்டாம். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டியது. அது தீர்ந்துபோனால் அவை வேலையைக் குறைத்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் குழாயில் சுண்ணாம்புக் கல் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் மழைத் தண்ணியை மட்டும் பிடித்து ஊற்றினால் சரி வராது. உப்பும் ஒரு வகையில் காவல், அதைப் பின்னால் சொல்கிறேன். மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் இப்படிப்பட்ட கடினத் தண்ணியில் நன்றாக வாழ்கிற மீன்கள். குட்டி போடுகிறவை என்பதால் விற்பனைக்கும் நல்லது. நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அழகுதான், அவற்றுக்கு மென்மையான தண்ணி வேண்டும். கடைக்காரர் காட்டினாலும் வாங்காதீர்கள்.

குழாய்த் தண்ணி என்றால் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள். அண்டாவில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, இடையில் இரண்டு மூன்று முறை ஆற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். டீ ஆற்றுவது போல மேலிருந்து கீழே ஊற்றினால் குளோரின் சீக்கிரம் போகும். அவசரத்துக்கு மீன் கடையில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும்.

மீனை விட்டுக்கொண்டே பக்குவப்படுத்துவது

மீன் இல்லாமலே தொட்டியைப் பக்குவப்படுத்தும் முறையும் உண்டு. அளவாக அம்மோனியா சொட்டு விட்டு நுண்ணுயிரை வளர்த்து, ஒன்றரை மாதம் கழித்து மீன் விடுவார்கள். மீனுக்குத் துன்பம் இல்லாத முறை அதுதான், முடிந்தால் அதையே செய்யலாம். ஆனால் சுத்தமான அம்மோனியா நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் மீனை வாங்கிய பிறகுதான் நமக்குப் பாடம் தெரியவே வருகிறது. ஆகவே மீன் உள்ளே இருக்கும்போதே எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்போம். அக்கா இரண்டாம் முறை செய்ததை அவருடைய நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். இந்த முறை கடன் வாங்கவில்லை. பழைய தொட்டிதான்.

தொட்டியை வெயில் படாத சுவர் ஓரம் வைத்தார். கல்லையும் ஸ்பாஞ்சையும் வெறும் தண்ணியில் அலசினார். ஆற வைத்த தண்ணியை ஊற்றி, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டார். விளிம்பு வரை நிரப்பினால் அந்தத் தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் விட்டது நாலே நாலு மோலி. "நாலு மீனுக்கா இவ்வளவு பெரிய தொட்டி?" என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்கட்டும். கிருமிக்குத் தீனி வேண்டும் என்பதால் மீன் வேண்டும். மீன் சாகக் கூடாது என்பதால் நாலு போதும்.

மீன் வருகிற பாலிதீன் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை கொளத்தூரில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி எத்தனையோ குடும்பங்கள் அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. அங்கிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் பல ஊருக்கும் மீன் போகிறது. பல மணி நேரம் பைக்குள் மீன் கழிவு விட்டுக்கொண்டே வருவதால் அந்தத் தண்ணியில் அம்மோனியா நிறைய இருக்கும். மீன் விடும் மூச்சுக்காற்று கரைந்து பி.எச். குறைந்திருப்பதால் வழியில் அது அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் மூச்சுக்காற்று வெளியேறி பி.எச். ஏறும், விஷமும் ஏறும். ஆகவே பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, திறந்தவுடன் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணியைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

தீனி ஒரு வேளைதான். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, இரண்டு விரலால் கிள்ளி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. இது நமக்கு ரொம்பக் கஷ்டம். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பாத ஊர் நம் ஊர். மீன் ஓடி வந்து வாயைத் திறந்தால் மனசு கேட்காது. அக்காவின் பேரன் யாருக்கும் தெரியாமல் பொரி போட்டுவிட்டான். அன்றைக்கு நோட்டில் அம்மோனியா அளவு இரட்டிப்பாக இருக்கிறது.

அம்மோனியா பார்க்க மீன் கடையில் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. சின்னக் குழாயில் தொட்டித் தண்ணி எடுத்து, சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தனித்தனியாக வாங்கினால் செலவு. கூட்டமைப்புக்கு ஒன்று வாங்கி வைத்தால் பல குழுக்கள் பயன்படுத்தலாம். அம்மோனியாவுக்கு ஒன்று, நைட்ரைட்டுக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். நம் தண்ணிக்கு அம்மோனியா கால் மில்லிகிராம் காட்டினாலே அன்றைக்குத் தண்ணி மாற்றுங்கள். நைட்ரைட் அரை மில்லிகிராம் வந்தால் மாற்றுங்கள்.

மாற்றுவது என்றால் முழுசும் இல்லை. கால் பங்கு மட்டும். ஐம்பது லிட்டருக்குக் கால் பங்கு 12 லிட்டர் சொச்சம், கழுத்து வரை நிரப்பாத ஒரு குடம். ரப்பர் குழாயால் அடியில் இருக்கும் கசடோடு உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆற வைத்த புதுத் தண்ணியை மெதுவாக ஊற்ற வேண்டும். கிருமி வந்து சேருகிற வரை அதன் வேலையை உங்கள் குடம் செய்கிறது. முழுத் தண்ணியையும் ஒரே நாளில் மாற்றினால் சூடும் பி.எச்.சும் திடீரென்று மாறி மீன் தாங்காது.

அக்காவின் நோட்டில் முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் கால் மில்லிகிராம். ஏழாம் நாள் ஒரு மில்லிகிராம், அது பொரி போட்ட நாள். அன்றைக்குக் காலையும் மாலையும் இரண்டு முறை குடம் தூக்கினார். ஒன்பதாம் நாள் ஒரு மோலி செத்தது. அவர் என்னைக் கூப்பிட்டு அழுதார். பன்னிரண்டாம் நாள் நைட்ரைட் காட்டியது. நான் சந்தோஷப்பட்டேன், அவருக்குப் புரியவில்லை. நைட்ரைட் வந்தால் முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அம்மோனியா இறங்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று மீனைக் கூட்டுவார்கள். நைட்ரைட் இரத்தத்தில் கலந்தால் இரத்தம் காற்றைச் சுமக்காது. ஏர் பம்ப் நன்றாக ஓடும், மீன் மூச்சுக்குத் தவிக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் காப்பித்தூள் நிறம் தெரியும். இதற்கு உப்புதான் காவல். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போகாமல் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் போதும். ஐம்பது லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு, அயோடின் சேர்க்காதது, ஒரு சொம்புத் தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. குடம் மாற்றும்போது எடுத்த தண்ணிக்கு ஏற்ப 12 கிராம் மறுபடி சேர்க்க வேண்டும். உப்புப் போர் தண்ணி ஊற்றியிருந்தால் தனியாகப் போட வேண்டாம், அதிலேயே இருக்கிறது. மோலியும் கப்பியும் உப்பைத் தாங்கும். செதில் இல்லாத கெளுத்தி வகை இருந்தால் போடாதீர்கள்.

இருபத்தாறாம் நாள் அம்மோனியா சுத்தமாக இல்லை. முப்பத்தெட்டாம் நாள் நைட்ரைட்டும் இல்லை. நடுவில் ஒரு வாரம் நைட்ரைட் இறங்கவே இறங்காமல் நின்றபோது கடையில் நீல மருந்து ஊற்றச் சொன்னார்கள். மெத்திலீன் புளூ என்கிற அந்த மருந்து நல்ல கிருமியையும் தாக்கும், ஆகவே ஊற்றவில்லை. பாட்டிலில் அடைத்த பாக்டீரியாவும் விற்கிறார்கள். சிலது வேலை செய்யும், சிலதில் ஒன்றும் இருக்காது. அதை நம்பி மீனைக் கூட்டாதீர்கள்.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியிலேயே பிழிந்து போடுங்கள். குழாய்த் தண்ணி, சோப்பு, வெயில் மூன்றும் கூடாது. கரண்ட் போனால் தீனியை நிறுத்திவிட்டு, சொம்பால் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். கிருமிக்கும் காற்று வேண்டும்.

குடிக்கத் தண்ணி இல்லாத ஊரில்

ஒரு கூட்டத்தில் ஒரு சகோதரி கோபமாகவே கேட்டார். "குழாயில எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. மீனுக்கு ஒரு குடமா? எங்க மாமியாரு கேட்டா என்ன சொல்ல?" நியாயமான கேள்வி. நாற்பது நாளில் அக்கா மாற்றியது இருபத்தேழு குடம். எடுத்த தண்ணி ஒரு சொட்டும் வீணாகவில்லை. முதல் இரண்டு வாரத் தண்ணி மல்லிகைத் தொட்டிக்கும் கருவேப்பிலைக்கும் போனது. உப்புப் போட்ட பிறகு தென்னைக்கு மட்டும். மல்லிகை உப்பைத் தாங்காது. இவ்வளவு சொன்ன பிறகும், வண்டித் தண்ணிக்குக் காசு கொடுத்துக் குடிக்கிற ஊரில் சித்திரை வைகாசியில் இந்தத் தொழிலைத் தொடங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஐப்பசி மழைக்குப் பிறகு தொடங்குங்கள். தண்ணியும் இருக்கும், சூடும் குறைவு.

பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசு 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வைத்து, பெண்களுக்கு 60 சதவீத மானியம் என்று விதி செய்தார்கள். இப்போது ஒதுக்கீடு இருக்கிறதா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் ஒரு சின்னத் தொட்டியை நாற்பது நாள் காப்பாற்றிப் பார்க்காமல் மனு எழுதாதீர்கள். மீதி 40 சதவீதம் நம் பணம்.

தொட்டியோடு மீன் விற்கும்போது வாங்குகிறவர்களிடமும் நாலு மீன், ஒரு கிள்ளுத் தீனி, ஒரு குடம் கணக்கைச் சொல்லி அனுப்புங்கள். ஒரே வாரத்தில் மீன் செத்தால் அவர்கள் நம்மிடம் திரும்ப வரமாட்டார்கள்.

அக்காவின் தொட்டியில் இப்போது பதினாறு மீன். ஒரேயடியாக விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாலாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் அளவு பார்த்து விட்டார். தங்கமீன் மட்டும் வாங்கவில்லை. அது வளர்ந்தால் அந்தத் தொட்டிக்குப் பெரிது, கழிவும் அதிகம். போன மாதக் கூட்டத்தில் நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். தீர்மான நோட்டில் 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை அடித்து, 'தவறான ஆலோசனையால்' என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கைராசி என்று சொன்ன அதே மதினி இப்போது தொட்டி வைக்கப் போகிறார்.

அவருக்கு நாற்பது நாள் ஆகாது. அக்கா தன் தொட்டியில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் போட்டு ஒரு மாதமாக ஊற வைத்திருக்கிறார். தொட்டி வைக்கிற அன்று அதைத் தொட்டித் தண்ணியோடு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிக் கொடுத்தால் மீனும் தண்ணியும் நோயில்லாத தொட்டியிலிருந்துதான் கொடுக்க வேண்டும், ஸ்பாஞ்ச் வழியில் காயக் கூடாது, போய்ச் சேர்ந்த அன்றே நாலு மீனை விட்டுவிட வேண்டும். மீன் இல்லாமல் வைத்தால் கிருமி பட்டினி கிடக்கும். முதல் பத்து நாள் சொட்டு மருந்துச் சோதனையை மட்டும் விடாமல் செய்ய வேண்டும். பெட்டி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது, நோட்டில் எழுதி வாங்கிப் போகலாம்.